ஒரு கடற்படை விமானியின் ஏகாந்தப் பிரயாணம்

லண்டன் மாநகரின் தென்மேற்கில், டூட்டிங்குக்கும் விம்பிள்டனுக்கும் நடுவே அமைந்திருப்பது கோலியர்ஸ் வுட் என்னும் பேட்டை. அங்கே 1926-ம் ஆண்டு திறக்கப்பெற்ற சுரங்க ரயில் நிலையத்தின் வாசலில் சிறிது நேரம் நின்றால், வேலைக்குப் போகிறவர்களின் பேச்சில் தமிழும் கலந்து காதில் விழும். நிலையத்திலிருந்து சில நிமிஷ நடையில் வாண்டில் என்னும் சிற்றாறு ஓடுகிறது. க்ராய்டன், கார்ஷால்டன் பக்கத்து ஊற்றுகளில் தோன்றி வாண்ட்ஸ்வொர்த்தில் தேம்ஸ் நதியோடு கலந்துவிடும் இந்த ஆறு நீளத்தில் சொற்பமானாலும் உழைப்பில் அசாத்தியமானது. பல நூற்றாண்டுகள் ஆலைச் சக்கரங்களைச் சுழற்றியதோடு, நமது சோழமண்டலக் கரையிலிருந்து கப்பலேறிப் போன சித்திரத் துணிகளைக் கண்டு வியந்து அவற்றைப் போலத் தாமும் அச்சடிக்க முயன்ற ஆங்கிலேயப் பட்டறைக்காரர்களுக்கும் தண்ணீர் கொடுத்தது இதுவே. கைவினைக் கலைஞர் வில்லியம் மாரிஸ் 1881-ல் தமது சாயப்பட்டறையை நிறுவியதும் இதன் கரையிலேதான்.

ஆயினும் இந்த வட்டாரத்தார் முதலில் சொல்லிப் பெருமைப்படும் பெயர் கடற்படைத் தளபதி நெல்ஸனுடையது. 1801-ம் ஆண்டில் அவர் 9,000 பவுன் விலையில் இங்கே மெர்ட்டன் பிளேஸ் என்ற மாளிகையை வாங்கினார். தோட்டத்தின் ஊடே செல்லும் வாண்டில் ஆற்றின் கால்வாய்க்கு, அவர் வென்ற போரின் ஞாபகார்த்தமாக, நைல் என்று பெயரிட்டிருந்தார்கள். 1805 செப்டம்பர் 13-ம் தேதி இரவு அந்த வீட்டை விட்டுப் புறப்பட்டவர், அடுத்த மாதம் ட்ரபால்கர் யுத்தத்தில் மாண்டு, சவமாகவே தேசத்துக்குத் திரும்பினார். மாளிகை பின்னர் இடிக்கப்பட்டுவிட்டது. இப்போது அதன் நிலத்தின் மேலும் சுற்றிலும் இருக்கும் தெருக்களுக்கு நெல்ஸன், ஹார்டி, ட்ரபால்கர், விக்டரி என்று பெயர் வழங்குகிறது.

இத்தெருக்களில் நடக்கும் தமிழர்கள் தெரிந்துகொள்ள வேண்டிய விஷயம் ஒன்று உண்டு. நெல்ஸன் பதினைந்து வயதுச் சிறுவனாக, ஸீஹார்ஸ் என்னும் கப்பலில் பயிற்சி பெற்றுக்கொண்டிருந்தபோது, 1774-ம் ஆண்டு மே மாதம் சென்னைப்பட்டினத்துக்கு வந்து சேர்ந்தார். திருகோணமலைத் துறைமுகத்தையும் பார்த்தார். கீழ்த்திசைக் கடல்களில் அலைந்து கடும் விஷஜுரத்தில் விழுந்து, உடல் தேய்ந்து, பிழைப்பதே சந்தேகம் என்ற நிலையில் 1776-ல் பம்பாயிலிருந்து டால்பின் என்ற கப்பலில் தாய்நாட்டுக்கு அனுப்பப்பட்டார். மனம் முற்றிலும் சோர்ந்திருந்த அந்தப் பிரயாணத்தில்தான், இனி எவ்வித அபாயத்துக்கும் அஞ்சுவதில்லை என்ற திடசித்தம் தமக்கு உண்டாயிற்று என்று அவர் பிற்காலத்தில் கூறியிருக்கிறார்.

இந்து மகாசமுத்திரத்தில் உடல் நொறுங்கி, படுக்கையாகக் கரை சேர்ந்து, மறுபடியும் கடலுக்கே திரும்பிய வேறொரு கடற்படை வீரர் நம் காலத்தில் இருக்கிறார். அவர் நெல்ஸனைப் போல யுத்தத்தால் புகழடைந்தவர் அல்லர். பாரத கடற்படையில் விமானியாக உத்தியோகம் பார்த்து ஓய்வு பெற்றவர். கேரளத்தைச் சேர்ந்த கமாண்டர் அபிலாஷ் டோமி என்னும் அவரது சரித்திரத்தைச் சரிவர அறிய வேண்டுமானால், பாய்க்கப்பலில் தன்னந்தனியே பூமியைச் சுற்றிவரும் வழக்கம் எவ்வாறு தோன்றி வளர்ந்தது என்பதையும், அதில் நம் நாட்டுத் தச்சர்களுக்கு எவ்வளவு பங்கு உண்டு என்பதையும் அறிந்துகொள்வது அவசியம். வீரனைப் புகழ்ந்துவிட்டு, அவனைத் தாங்கிய கட்டையைச் செதுக்கியவனை மறந்துவிடும் குணம் நம்மிடம் நெடுநாளாக இருக்கிறது. அதனாலேயே இக்கட்டுரையில் தச்சர்களைப் பற்றியும் விரிவாகச் சொல்ல விரும்புகிறேன்.

முதன்முதலில் ஒற்றை ஆளாக உலகைச் சுற்றியவர் ஜோஷுவா ஸ்லோகம். நீராவிக் கப்பல்கள் பெருகிப் பாய்க்கப்பல் மாலுமிகளுக்குப் பிழைப்பு அற்றுப்போன காலத்தில், வயலில் கிடந்த ஒரு பழைய படகைத் தாமே புதுப்பித்து, ஸ்பிரே என்ற அதில் 1895-ல் பாஸ்டனிலிருந்து கிளம்பி 1898-ல் திரும்பினார். அவர் பல துறைகளில் தங்கித் தங்கிச் சென்றார். அவருக்குப் பின் சிலர் அவ்வழியே போயினர். பிரான்ஸிஸ் சிசெஸ்டர் என்ற ஆங்கிலேயர் 1966 ஆகஸ்டில் பிளிமத்திலிருந்து புறப்பட்டு, சிட்னி என்ற ஒரே ஓர் இடத்தில் மட்டும் தங்கி, 1967 மே மாதத்தில் வீடு திரும்பியபோதுதான் உலகம் முழுவதும் இந்த வழக்கத்தைத் திரும்பிப் பார்த்தது. அப்போது அவருக்கு வயது 65.

சிசெஸ்டரை இங்கே குறிப்பிடுவதற்குத் தனிக் காரணம் உண்டு. அவர் கடலோடி ஆவதற்கு வெகுகாலம் முன்பே விமானி. 1931-ல் நியூசிலாந்துக்கும் ஆஸ்திரேலியாவுக்கும் இடையிலுள்ள டாஸ்மன் கடலை, மிதவை பொருத்திய ஜிப்ஸி மாத் என்னும் சிறு விமானத்தில் தனியாகக் கடந்தார். நடுவழியில் இரண்டு சிறு தீவுகளில் இறங்கி எண்ணெய் நிரப்பியாக வேண்டும். தவறினால் சமுத்திரமே கதி. விமானத்தைச் செலுத்திக்கொண்டே செக்ஸ்டன்ட் கருவியால் சூரியனின் உயரத்தை அளந்து கணக்குப் போட்ட அவர், தீவை நேராகக் குறிவைக்காமல் வேண்டுமென்றே அதற்கு ஒரு புறமாக விலகிச் சென்றார். நேராகப் போய்த் தீவு தென்படாவிட்டால் அது இடப்பக்கமா வலப்பக்கமா என்று தெரியாமல் தவிக்க நேரும். ஒரு பக்கமாக விலகியே வந்தவனுக்கோ எந்தப் பக்கம் திரும்ப வேண்டும் என்பதில் ஐயம் இராது. லார்டு ஹோ தீவில் இரவுக் காற்றில் விமானம் கவிழ்ந்து சிதைந்தபோது, தீவுவாசிகளின் துணையோடு அதைப் பிரித்துப் பழுதுபார்த்து மறுபடியும் பறந்தார். பிழை நேரும் என்று முன்கூட்டியே ஒப்புக்கொண்டு அதற்கு இடம்விட்டுத் திட்டமிடுவதும், உடைந்ததைக் கைவசம் உள்ள பொருளைக் கொண்டு சரிசெய்வதும் ஆகிய இவ்விரண்டுமே பிற்காலத்தில் அவரைக் கடலிலும் காப்பாற்றின. சாகசம் என்றால் கண்ணை மூடிக்கொண்டு குதிப்பது என்று நினைப்பவர்கள் இந்த ஒரு பிரயாணத்தைப் படித்தால் போதும்.

எங்குமே தங்காமல் சுற்றிவர முடியுமா என்ற கேள்வி அதன்பின் எழுந்தது. 1968-ல் லண்டன் ஸண்டே டைம்ஸ் பத்திரிகை கோல்டன் குளோப் என்ற போட்டியை அறிவித்தது. புறப்பட்டவர்கள் ஒன்பது பேர், முடித்தவர் ஒருவரே. அவர் ராபின் நாக்ஸ்-ஜான்ஸ்டன். வாண்டில் ஆறு தேம்ஸில் விழும் வாண்ட்ஸ்வொர்த்துக்கு அண்டையிலுள்ள பட்னியில் 1939-ல் பிறந்து, பிரிட்டிஷ் இந்தியா கம்பெனியின் வர்த்தகக் கப்பல்களில் அதிகாரியாக இருந்தவர். அவர் ஏறிச்சென்ற ஸுஹைலி என்னும் படகு பம்பாயில் கட்டப்பட்டது.

1960-களின் தொடக்கத்தில், கொலாபா கரையோரத்தில், 32 அடி நீளமுள்ள அந்தப் படகை நம் நாட்டுத் தச்சர்கள் தேக்கு மரத்தில் இழைத்தனர். மின்சாரக் கருவிகளின் துணையில்லாமல், வாய்ச்சியால் செதுக்கி, கயிறு சுற்றிச் சுழற்றும் துரப்பணத்தால் துளையிட்டு, பாட்டன் காலத்து முறையிலேயே வேலை நடந்தது. அதே பம்பாயில் முற்காலத்தில் வாடியா என்னும் கப்பல் தச்சர் குடும்பத்தார் ஆங்கிலேயக் கடற்படைக்குத் தேக்கில் போர்க்கப்பல்கள் கட்டிக்கொடுத்தனர். அவற்றில் ஒன்றான டிரிங்கோமலி 1817-ல் நீரில் இறக்கப்பட்டு, இன்றும் இங்கிலாந்தில் ஹார்ட்டில்பூலில் மிதந்துகொண்டிருக்கிறது. பெயரோ நம் திருகோணமலையினுடையது. அந்தக் கைவழி அறுபடாமல் வந்தவர்களின் வேலை என்று ஸுஹைலியைச் சொல்லலாம். 1964-ல் அது நீரில் இறங்கியது.

1968 ஜூன் 14-ம் தேதி பால்மத்திலிருந்து புறப்பட்ட சில வாரங்களுக்குள் ஸுஹைலியின் அடிப்பாகத்தில் நீர் கசியத் தொடங்கியது. ஏராக் கட்டையை ஒட்டிய பலகை இடுக்கு விலகியிருந்தது. கரையில் ஏற்றிவைத்துக் கலப்பத்து பார்க்க வேண்டிய வேலையை, நாக்ஸ்-ஜான்ஸ்டன் அட்லாண்டிக் சமுத்திரத்தின் நடுவில், மூச்சைப் பிடித்து மூழ்கி மூழ்கிச் செய்தார். பஞ்சுத் திரியை இடுக்கில் திணிப்பார். மூச்சு முட்டி மேலே வந்து திரும்ப மூழ்குவதற்குள் திரி வெளியே வந்துவிடும். கடைசியில் கித்தான் பட்டையில் சிறு ஆணிகளை முன்னதாகவே குத்தி வைத்துக்கொண்டு, அதை இடுக்கின் மேல் அறைந்து, அதன்மேல் தாமிரத் தகட்டை அடித்தார். இடையே ஒரு சுறா வட்டமிட வந்தது. மேலேறித் துப்பாக்கியால் அதைச் சுட்டுவிட்டு, வேறு சுறாக்கள் வருகின்றனவா என்று சிறிது நேரம் பார்த்திருந்து, மீண்டும் நீரில் இறங்கினார். பின்னர் சுக்கான் இயந்திரம் உடைந்தது, வானொலி அனுப்பும் சக்தியை இழந்தது, மாதக்கணக்கில் அவரைப்பற்றிச் சேதியே இல்லை. 1969 ஏப்ரல் 22-ம் தேதி, 312 நாட்களுக்குப் பிறகு, அவர் பால்மத்தில் வந்து நின்றார். படகின் மரம் உறுதியாக இருந்தது.

அதே போட்டியில் சென்ற மற்றொருவரின் கதை நெஞ்சை உருக்குவது. டொனால்டு க்ரோஹர்ஸ்ட் என்பவர் நமது காஸியாபாத்தில் 1932-ல் பிறந்தவர். ஆங்கிலேய விமானப்படையில் விமானியாக இருந்தவர். கடன்பட்டு, அரைகுறையாகத் தயாரான படகில் புறப்பட்டு, தென்கடலுக்குள் போகத் துணிவும் திரும்பி வர மனமும் இன்றி, அட்லாண்டிக்கிலேயே சுற்றிக்கொண்டு உலகைச் சுற்றுவதாகப் பொய்ச்செய்தி அனுப்பினார். 1969 ஜூலையில் ஆளற்ற படகு மட்டும் அகப்பட்டது. நாக்ஸ்-ஜான்ஸ்டன் தமக்குக் கிடைத்த 5,000 பவுன் பரிசை அவரது குடும்பத்துக்குக் கொடுத்துவிட்டார். இந்தப் போட்டியில் வெற்றியைக் காட்டிலும் இந்தச் செய்கையே எனக்குப் பெரிதாகப் படுகிறது.

இனி நமது விமானிக்கு வருவோம். 1979-ல், கடற்படை ஊழியர் ஒருவரின் மகனாகப் பிறந்த அபிலாஷ் டோமி, 2000-ம் ஆண்டில் கடற்படை அதிகாரியாகி, டார்னியர் விமானங்களில் கடல் கண்காணிப்பு விமானியானார். போர் விமானியின் வாழ்வைப்போல இது மின்னல் வாழ்வு அன்று. அடையாளம் எதுவுமற்ற நீர்ப்பரப்பின் மேல் மணிக்கணக்காகப் பறந்து, ஒரு படகையோ பரிசலையோ கண்டுபிடிக்க வேண்டும். பெரும்பாலும் ஒன்றும் அகப்படாது. அகப்படாத நாளிலும் கவனம் தளரக்கூடாது. காற்றின் திசையையும் அலையின் போக்கையும் எரிபொருளின் மிச்சத்தையும் ஓயாமல் மனத்துக்குள் கூட்டிக் கழித்துக்கொண்டிருக்கும் இந்தப் பழக்கமும், ஒன்றும் நிகழாத நேரத்தைச் சகித்துக்கொள்ளும் பொறுமையும், ஏகாந்தக் கடலோடிக்கு வேறெந்தப் பள்ளியிலும் கிடைக்காதவை.

பாரதத்தில் கட்டிய படகில் பாரதத்தான் ஒருவன் தனியே உலகைச் சுற்ற வேண்டும் என்பது, ஓய்வு பெற்ற வைஸ் அட்மிரல் மனோகர் அவதியின் நெடுநாள் கனவு. அதற்காக மாதேயி என்னும் 56 அடிப் படகைக் கோவாவில் ரத்னாகர் தண்டேகர் தமது சிறிய பட்டறையில் கட்டிக்கொடுத்தார். கமாண்டர் திலீப் தோண்டே 2009-10-ல் அதில் நான்கு துறைகளில் தங்கிச் சுற்றிவந்தார். அவருக்குக் கரையிலிருந்து உதவியவர்களில் ஒருவர் டோமி. மூன்றாண்டுகளுக்குப் பின் அவர் முறை வந்தது. 2012 நவம்பர் 1-ம் தேதி பம்பாயிலிருந்து மாதேயியில் தனியே புறப்பட்டு, எந்தத் துறையிலும் கால் வைக்காமல், தென்னமெரிக்காவின் தென்முனையான கேப் ஹார்னைச் சுற்றி, 2013 மார்ச் 31-ம் தேதி திரும்பினார். எங்கும் தங்காது தனியே பூமியைச் சுற்றிய முதல் இந்தியர் அவரே. அரசாங்கம் கீர்த்தி சக்கரம் என்னும் வீர விருது அளித்துக் கௌரவித்தது.

முதல் கோல்டன் குளோப் நடந்து ஐம்பது ஆண்டு நிறைவானதை ஒட்டி, 1968-ல் இருந்த கருவிகளை மட்டுமே கையாண்டு ஓட்ட வேண்டும் என்ற நிபந்தனையோடு, அப்போட்டி 2018 ஜூலை 1-ம் தேதி பிரான்ஸ் தேசத்து லே ஸாப்ல் தொலோன் துறையிலிருந்து மறுபடி தொடங்கியது. செயற்கைக்கோள் வழிகாட்டி இல்லை; செக்ஸ்டன்டும் காகித வரைபடமுமே துணை. டோமி ஏறிய படகின் பெயர் துரியா. அது ஸுஹைலியின் மாதிரியாகவே கோவாவில் தண்டேகர் பட்டறையில் கட்டப்பட்டது.

எண்பது நாட்களுக்கு மேல் நன்றாகவே ஓடி, மூன்றாம் இடத்தில் இருந்தபோது, செப்டம்பர் 21-ம் தேதி தென் இந்து மகாசமுத்திரத்தில், பெர்த் நகரத்திலிருந்து ஏறக்குறைய 1,900 கடல் மைல் தூரத்தில், பெரும்புயல் ஒன்று அவரை வந்து மோதியது. அலைகள் பதினான்கு மீட்டர் உயரம் எழுந்ததாகக் கணக்கிட்டிருக்கிறார்கள். படகு உருண்டு பாய்மரம் முறிந்தது. முதுகெலும்பு நொறுங்கி எழுந்திருக்க முடியாமல் உள்ளே கிடந்தவர், கால் விரல்களை அசைக்க முடிகிறது என்றும், உண்ணவோ குடிக்கவோ இயலவில்லை என்றும் சிறு சிறு வாக்கியங்களில் செய்தி அனுப்பினார். அருகில் சென்றுகொண்டிருந்த அயர்லாந்துப் போட்டியாளர் கிரெகர் மக்கக்கின், தம் படகின் பாய்மரமும் அதே புயலில் முறிந்திருக்க, தற்காலிகமாக ஒரு பாயைக் கட்டிக்கொண்டு அவரை நோக்கித் திரும்பினார்.

அப்போது அவரைத் தேடிச் சென்ற விமானங்களில் ஒன்று நம் அரக்கோணத்து ராஜாளி கடற்படைத் தளத்தைச் சேர்ந்த பி-8ஐ என்னும் கடல் கண்காணிப்பு விமானம். மொரீஷியஸுக்குப் பறந்து, அங்கிருந்து தென்கடலுக்குள் சென்று, முறிந்த மரம் பக்கவாட்டில் தொங்க அலைகளில் புரண்டுகொண்டிருந்த துரியாவை அது கண்டது. ஆண்டுக்கணக்கில் கடலின் மேல் பறந்து பிறரைத் தேடியவரை, அதே தொழில் செய்யும் அவரது சகாக்கள் தேடிக் கண்டடைந்தார்கள். செப்டம்பர் 24-ம் தேதி ஓஸிரிஸ் என்ற பிரெஞ்சு மீன்வளக் காவற்கப்பலின் ஆட்கள் அவரைப் படகிலிருந்து எடுத்து ஆம்ஸ்டர்டாம் தீவில் சேர்த்தனர். ஸாத்புரா என்ற நமது போர்க்கப்பல் அவரை விசாகப்பட்டினத்துக்குக் கொண்டுவந்தது. வைத்தியர்கள் முதுகெலும்பில் டைட்டானியக் கம்பிகள் பொருத்தினர். குழந்தையைப்போல அவர் மறுபடியும் நடை பழக வேண்டியிருந்தது.

அத்துடன் நின்றிருந்தால் யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். அவரோ நடந்தார்; விமானம் ஓட்டும் தகுதியை மீண்டும் பெற்றுப் பறந்தார்; 2021-ல் கடற்படையிலிருந்து ஓய்வு பெற்றார்; ஓய்வு பெற்றதும் அதே போட்டிக்கு மறுபடியும் பெயர் கொடுத்தார். 2022 செப்டம்பர் 4-ம் தேதி, பயானத் என்ற படகில், அதே பிரெஞ்சுத் துறையிலிருந்து புறப்பட்டார். காற்றின் திசைக்கேற்பத் தானே சுக்கானைத் திருப்பிக்கொள்ளும் சாதனத்தின் துடுப்புப் பலகைகள் தென்கடலில் ஒன்றன்பின் ஒன்றாக முறிந்தன. அந்தச் சாதனம் இல்லாவிட்டால் தனியாள் தூங்க முடியாது. மாற்றுப் பலகை தீர்ந்துபோகவே, படகின் கழிப்பறைக் கதவை அறுத்துப் புதிய துடுப்பு செய்துகொண்டார். முதுகில் டைட்டானியக் கம்பி தாங்கிய மனிதர், ஆடும் படகின் பின்புறத்தில் குனிந்து, கடலுக்கு மேல் தொங்கியபடி அதைப் பொருத்தினார் என்பதை வாசகர்கள் சற்றே மனத்தில் நிறுத்திப் பார்க்க வேண்டும். கொலாபாத் தச்சர்களின் கையும், அட்லாண்டிக் நடுவே பஞ்சைத் திணித்த நாக்ஸ்-ஜான்ஸ்டனின் கையும் செய்த அதே வேலை அது.

2023 ஏப்ரல் 29-ம் தேதி அவர் இரண்டாவதாக வந்து சேர்ந்தார். 16 பேர் புறப்பட்ட அந்தப் போட்டியை முழு விதிகளுக்கும் உட்பட்டு முடித்தவர்கள் மூவர் மட்டுமே. இரண்டு நாள் முன்னதாக முதலில் வந்தவர் தென்னாப்பிரிக்காவைச் சேர்ந்த கிர்ஸ்டன் நாய்ஷேபர் என்ற பெண்மணி. வழியில் படகு மூழ்கி மிதவையில் தத்தளித்த சக போட்டியாளர் ஒருவரைக் காப்பாற்றிவிட்டு வந்து, அவர் வெற்றி பெற்றார்.

நெல்ஸனின் வீட்டு நிலத்தில் இன்று வசிக்கும் நம்மவர்களுக்கும், நம் கரையோர ஊர்களில் படகுகளுக்கிடையே வளரும் பிள்ளைகளுக்கும் இந்தச் சரித்திரத்தை எடுத்துச் சொல்ல வேண்டும் என்பது என் விருப்பம். கடற்பிரயாணம் என்றாலே சோழர் காலத்துக் கப்பல்களோடு பேச்சை முடித்துக்கொள்ளும் வழக்கம் நமக்கு உண்டு. சோழர் பெருமையை நான் குறைத்துப் பேசவில்லை. ஆனால் நம் கண்முன்னே நடப்பதை அறியாமல் ஆயிரம் ஆண்டுக்கு முந்தியதை மட்டும் பேசுவது அந்த முன்னோருக்கும் கௌரவம் ஆகாது. தண்டேகர் பட்டறையிலேயே பிறந்த தாரிணி என்னும் 56 அடிப் படகில், டோமியிடம் பயிற்சி பெற்ற இரு பெண் அதிகாரிகள், லெப்டினன்ட் கமாண்டர் தில்னாவும் புதுச்சேரியைச் சேர்ந்த லெப்டினன்ட் கமாண்டர் ரூபா அழகிரிசாமியும், 2024 அக்டோபர் 2-ம் தேதி கோவாவிலிருந்து புறப்பட்டு, கேப் ஹார்னைச் சுற்றி, எட்டு மாதங்கள் கடலோடி, 2025 மே மாதக் கடைசியில் கோவாவுக்கே திரும்பி வந்து சேர்ந்தார்கள்.